மேற்குச் சுவரின் ஈரம்

அப்பா கோட்டைக் கழற்றாமலேயே ஃபில்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். கறுப்பு டையின் நுனி தண்ணீரில் படாமலிருக்க அதைச் சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே செருகியிருந்தார். சிங்க்கில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் ஒரே ஒரு சொட்டு சோப்பு. இரண்டு கையகல வலைச் சட்டத்தை அதில் முக்கியெடுத்து, பழைய டூத் பிரஷால் ஒரே திசையில் தேய்த்தார். அவருக்குப் பின்னால் தட்டு நிறையக் கோப்பைகளோடு பக்கத்து வீட்டுக் கான்செப்டா நின்றாள்.

"டோனலு, எனக்கு சிங்க் வேணும். அங்க அத்தன பேரும் டீ இல்லாம உக்காந்திருக்காங்க."

"ரெண்டு நிமிஷம்."

"காலையிலதான கழுவுன?"

"அது காலைக்கு."

ஃபிடெல்மா தோளில் பையோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். மான்செஸ்டரிலிருந்து காலை விமானத்தில் வந்து, பஸ் மாறி, மழையில் நடந்து வந்திருந்தாள். வழியெல்லாம் அப்பாவைக் கட்டிப்பிடித்து அழப்போகிறோம் என்றுதான் நினைத்திருந்தாள். அந்த முதுகைப் பார்த்ததும் அழுகை வரவில்லை. அந்தச் சட்டத்தைப் பிடுங்கிச் சன்னல் வழியாக விட்டெறிய வேண்டும் போலிருந்தது.

"அப்பா."

அவர் திரும்பிப் பார்த்தார். "வந்துட்டியா தங்கம். அம்மா முன்னறையில இருக்கா. போய்ப் பாரு. இத காய வெச்சுட்டு வந்துர்றேன். ஹீட்டர் மேல வெச்சா வளைஞ்சிரும்."

முன்னறையில் சுவரோரமாக நாற்காலிகள், நாற்காலிகளில் ஈரக் கோட்டுகளோடு ஊர். நடுவில் திறந்த பெட்டிக்குள் அம்மா. கருநீல உடுப்பு, விரல்களில் சுற்றிய ஜெபமாலை. அம்மாவைப் பார்ப்பதற்கு முன்பே ஃபிடெல்மாவின் கண் அம்மாவின் தலைக்குப் பின்னாலிருந்த சுவருக்குப் போய்விட்டது. பிறகு பல மாதங்கள் அதற்காக அவளால் தன்னை மன்னிக்க முடியவில்லை.

சுவர் வெள்ளையாக இருந்தது. மூக்கைத் துளைக்கிற புது பெயிண்ட் வாசனை.

"ஜார்லத்தும் இன்னும் ரெண்டு பேருமா நேத்து அடிச்சாங்க," என்று கான்செப்டா அவள் காதருகே வந்து கிசுகிசுத்தாள். "ரெண்டு கோட் பெயிண்ட். மதியம் ஆரம்பிச்சு, டீ நேரத்துக்குள்ள முடிச்சிட்டாங்க. எவ்ளோ பளிச்சுனு இருக்கு பாரு. உங்கம்மா பாத்தா சந்தோஷப்படுவா."

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் சொல்லாமலேயே வருவார்கள். ஒருத்தி தரையைத் துடைப்பாள், ஒருத்தி ஹாம் இறைச்சி வேகவைப்பாள், ஒருவன் வாசல் கேட்டில் எண்ணெய் விடுவான். சுவர் அழுக்காக இருந்தால் பெயிண்ட் அடிப்பார்கள். ஊரே வந்து பார்க்கப்போகிற அறை. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அதனால்தான் ஃபிடெல்மாவால் கான்செப்டாவிடம் கோபப்பட முடியவில்லை.

இரண்டு வருடமாக அந்தச் சுவர் கறுத்திருந்தது. கடல் பக்கம் பார்த்த மேற்குச் சுவர். மாடி ஏற முடியாமல் போன பிறகு அம்மாவின் கட்டிலை அந்த அறைக்கு இறக்கியிருந்தார்கள். முதலில் மூலையில் மிளகைத் தூவியதுபோலச் சில புள்ளிகள். பிறகு தட்டளவு. பிறகு கட்டிலின் தலைமாடு முழுக்க. அம்மாவின் நெஞ்சு ஏற்கெனவே பழுதானது. வீடு உள்ளாட்சிக் கவுன்சிலுக்குச் சொந்தம். அப்பா எழுதிய ஏழு கடிதங்களுக்குப் பிறகு, அந்த வார்டின் கவுன்சிலர் டெக்லன் ஹெவர்ன் தன் காரில் ஒரு டீஹியூமிடிஃபையரைத் தானே தூக்கிக்கொண்டு வந்தான். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சித் தொட்டியில் தண்ணீராகச் சேர்க்கிற மெஷின். உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. படத்தில் அம்மா மெஷினைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்பா முப்பத்தெட்டு வருடம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். ஒரு மெஷினைக் கொடுத்தால் அதைப் பார்த்துக்கொள்ளாமல் இருக்க அவருக்குத் தெரியாது. தினமும் காலையும் மாலையும் தொட்டியைக் கவிழ்த்தார். வாரம் ஒருமுறை வினிகர் விட்டு வழவழப்பு போகக் கழுவினார். மிதவை ஒட்டிக்கொள்ளாமல் பஞ்சுக் குச்சியால் துடைத்தார். பின் மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் சுருள் குழாய்களை மென்மையான பிரஷால் நீவிவிட்டார். சனிக்கிழமை தோறும் ஃபில்டர். சுவர் கறுத்துக்கொண்டே போனது.

மூன்று வாரத்துக்கு முன் கவுன்சிலிலிருந்து ஆய்வாளர் ஒருவர் வந்தார். வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அவர் சுவரைத் தொடவில்லை. மெஷினின் பின் மூடியைத் திறந்து ஃபில்டரை உருவி, சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஆறு நாள் சாம்பல் தூசி படிந்திருந்தது. "இத ஒழுங்கா பராமரிச்சிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது," என்றார். கட்டிலில் அம்மா இருமிக்கொண்டே, "அவரு வாராவாரம் கழுவுறாருங்க," என்றாள். அறிக்கையில் அது ஏறவில்லை. குடியிருப்பவரின் பராமரிப்புக் குறைவு என்பது மட்டும் ஏறியது.

அன்றிலிருந்து அப்பா ஒரு நாளைக்கு மூன்று முறை ஃபில்டரைக் கழுவினார். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன பிறகும், அவள் படுக்காத அறையில் மெஷினை ஓடவிட்டுக் கழுவினார். செவ்வாய்க்கிழமை விடியலில் அம்மா போய்விட்டாள் என்று ஃபிடெல்மாவுக்குப் போன் செய்தவர், அழாமல் சொன்ன முதல் வாக்கியம்: "நான் அத சரியா பாத்துக்கல."

"அப்பா, அது உங்க தப்பில்ல."

"எனக்காக சொல்ற நீ."

அதற்கு மேல் அவள் வற்புறுத்தவில்லை. காரணம் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் போனில், "ஃபில்டர கழுவுனீங்களாப்பா? சன்னல மூடி வெச்சிருக்கீங்களா? சுவர்ல இருந்து தள்ளி வெச்சீங்களா?" என்று கேட்டவள் அவள்தான். மெஷினோடு வந்த கையேட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அவருக்கே அதைப் படித்துக் காட்டியவளும் அவள்தான். அவள் வாயிலிருந்து வந்தால் அவர் நம்பமாட்டார். பழி சொன்னவர்கள்தான் அதைத் திரும்பப் பெற வேண்டும். டெக்லன் ஹெவர்ன் தன் வார்டில் ஒரு சாவையும் தவறவிடுகிறவன் அல்ல. எப்படியும் வருவான். இந்தச் சுவரின் முன் அவனை நிறுத்தி, அப்பாவின் முகத்தைப் பார்த்து அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லவைக்க வேண்டும். நாளைக் காலை பெட்டிக்கு மூடி போடுவதற்குள். விமானத்தில் உட்கார்ந்து அவள் யோசித்தது அவ்வளவுதான்.

இப்போது அந்தச் சுவர் இல்லை.

கான்செப்டா சன்னலை ஒரு சாண் திறந்தாள். ஆத்மா போவதற்கு வழி விட வேண்டும். அப்பா உள்ளே வந்து அதை மூடினார். சன்னல் திறந்திருந்தால் மெஷின் வெளிக்காற்றைத்தான் உறிஞ்சும். பிறகு மூலையில் மண்டியிட்டு, காய்ந்தும் காயாமலும் இருந்த ஃபில்டரைச் செருகி மெஷினை முடுக்கினார். நாற்காலிகளில் இருந்தவர்கள் தங்கள் கோப்பைகளைப் பார்த்தார்கள்.

ஐந்து மணிக்கு டெக்லன் ஹெவர்ன் வந்தான். பள்ளியில் ஃபிடெல்மாவுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவன். நீண்ட கறுப்பு கோட், வாசலிலேயே தயாராகத் தாழ்ந்த குரல். வரிசையில் ஒவ்வொருவரிடமும் நின்று, இரண்டு கையாலும் கையைப் பிடித்து, "உங்க கஷ்டத்துக்கு வருந்துறேன்," என்றான். பெட்டியருகே மண்டியிட்டான். முழுதாக ஒரு நிமிடம். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, சுவரைப் பார்த்தான்.

"ரூம் அருமையா ஆயிருச்சே டோனல். மெஷின் அதோட வேலைய காட்டிருச்சு பாருங்க."

ஃபிடெல்மா அவன் பக்கம் நீட்டப்போன சான்ட்விச் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அப்பா எழுந்து நின்றார். எழுபத்தாறு வயது மனிதர், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரிக் கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டார். "மன்னிக்கணும் கவுன்சிலர். நீங்க அவ்ளோ அலைஞ்சு வாங்கிக் குடுத்தீங்க. நான்தான் ஃபில்டர சரியா பாத்துக்கல. அன்னைக்கு அந்த ஆளு எடுத்துக் காட்டுனாரு. சாம்பலா இருந்துச்சு."

டெக்லன் அப்பாவின் தோளில் தட்டினான். "அட விடுங்க டோனல். மனச வருத்திக்காதீங்க. யாருக்கும் நடக்குற தப்புதான்."

மன்னித்துவிட்டான். அம்மாவின் பெட்டியருகே நின்று, ஊரறிய, அப்பாவை மன்னித்துவிட்டான்.

"என்ன தப்பு?" என்றாள் ஃபிடெல்மா.

சுவரோரம் இருந்த தலைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின.

"என்ன தப்பு டெக்லன்? சொல்லு. எங்கப்பா என்ன தப்பு பண்ணாரு?"

"ஃபிடெல்மா, நீ இப்பதான் வந்திருக்க. களைப்பா இருப்ப…"

"களைப்பெல்லாம் இல்ல."

"பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே," என்று கான்செப்டா உரக்கத் தொடங்கினாள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. எல்லோரும் மண்டியிட்டார்கள். டெக்லன்தான் முதலில் இறங்கினான். துக்க வீட்டில் சண்டை மூண்டால் யாராவது ஒருத்தி ஜெபமாலையைத் தொடங்கிவிடுவாள். தொடங்கிய பிறகு நின்றுகொண்டிருக்க யாருக்கும் துணிவில்லை. தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு ஃபிடெல்மாவும் மண்டியிட்டாள். 'அருள் நிறைந்த மரியே' என்று பல்லைக் கடித்துக்கொண்டு, வசை மாதிரிச் சொன்னாள்.

ஜெபமாலையின் இரண்டாவது பத்து மணிகளை உருட்டும்போது மெஷின் கூவத் தொடங்கியது. தொட்டி நிரம்பிவிட்டது. நாற்பது பேரின் மூச்சு, ஈரக் கோட்டுகள், காயாத பெயிண்ட். பீப், பீப் என்று அது ஜெபத்துக்கு நடுவே புகுந்தது. கான்செப்டா குரலை உயர்த்தினாள். மெஷினுக்குப் பக்கத்திலேயே மண்டியிட்டிருந்த டெக்லன், கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்தான். அறையின் மறுகோடியிலிருந்து அப்பா எழுந்து, மண்டியிட்டிருந்தவர்களின் கால்களைத் தாண்டித் தாண்டி வந்து, தொட்டியை உருவி, சிந்தாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே போனார்.

ஜெபம் முடிந்ததும் டெக்லன் பின்கட்டு வழியாக நழுவினான். அவள் பின்னாலேயே போனாள். கொல்லையில், கூரைக்கு அடியில் ஜார்லத் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். பூச்சு வேலைக்காரர். நகக்கண்களில் இன்னும் வெள்ளை பெயிண்ட்.

"டெக்லன், நில்லு. உள்ள வந்து எங்கப்பாகிட்ட ஒரே ஒரு வார்த்த சொல்லு. அவரு மேல தப்பில்லைனு. அப்புறம் நீ போயிக்கோ."

"எனக்கு சொல்லணும்னுதான் இருக்கு. சத்தியமா." அவன் குரலை இறக்கினான். "ஆனா அறிக்கை ஒண்ணு இருக்கு. நான் வாயத் தொறந்தா கவுன்சில் பொறுப்ப ஏத்துக்கிட்டதா ஆயிரும். எனக்கு அந்த அதிகாரம் இல்ல."

"மன்னிக்கறதுக்கு மட்டும் அதிகாரம் இருந்துச்சா?"

"ஆறுதலுக்கு சொன்னது அது."

"யாருக்கு ஆறுதல்? உனக்கா?"

அவன் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினான். ஃபிடெல்மா ஜார்லத்தின் பக்கம் திரும்பினாள். அவரை அவளுக்கு நாலு வயதிலிருந்து தெரியும். அதனால் இன்னும் கோபமாக வந்தது.

"உங்கள யாரு பெயிண்ட் அடிக்க சொன்னா? இவன அந்தச் செவுத்து முன்னாடி நிறுத்தணும்னு வந்தேன் நான். பூசி மொழுகி வெச்சிருக்கீங்க. எங்கம்மா ரெண்டு வருஷம் அதுக்குக் கீழதான் படுத்திருந்தா. ஒரு நாள் பெட்டி வெக்கறதுக்கு வெள்ளையடிக்க மூணு பேரு வந்தீங்க. உசுரோட இருந்தப்ப எவன் வந்தான்?"

ஜார்லத் சிகரெட்டைக் காலடியில் போட்டார். மிதிக்கவில்லை. மழை அதை அணைத்தது.

"வந்திருக்கணும்," என்றார்.

"அவ்ளோதானா?"

"டோனலு யாரையும் உள்ள விடமாட்டான் டெல்மா. வெக்கம். வாசல்லயே நிறுத்திப் பேசி அனுப்பிருவான். நேத்துதான் நானே அந்தச் செவுத்த பாத்தேன்." அவர் தன் கையைப் பார்த்தார். "கறுப்ப மட்டும் சுரண்டிட்டு அடிக்கலாம்னு கொத்துக் கரண்டிய வெச்சேன். கைப்பிடி வரைக்கும் உள்ள போயிருச்சு. உள்ள பூச்சே இல்ல. எல்லாம் கஞ்சி. கைய விட்டா, உள்ள தண்ணி ஓடுது. நெசமாவே ஓடுது. பலகை ஒண்ண வெச்சு அடைச்சு, அது மேல அடிச்சோம். வேற என்ன பண்றது? விடிஞ்சா உங்கம்மா நோரீன வீட்டுக்குக் கொண்டாந்துருவாங்க. ஊரு வரும். அத பாத்தா அவ…" நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினார். "நோரீன் திரை துவைக்காம பாதிரியார உள்ள கூப்பிடாதவ."

"தண்ணி எங்கேருந்து வருது?"

கேட்டது ஃபிடெல்மா இல்லை. பின்வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார், இன்னொரு தொட்டித் தண்ணீரோடு. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

டெக்லன் போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

"சொல்லு ஜார்லத்."

"நேத்து ஏறிப் பாத்தேன். மேல, கூரை ஓரத்து மழைத்தண்ணிக் காவா. அந்த மூலை இணைப்பு உள்பக்கமா ஒடஞ்சிருக்கு. கூரைத் தண்ணி மொத்தமும் வெளிச் செவுத்துக்கும் உள் செவுத்துக்கும் நடுவுல எறங்குது. இன்னைக்கு நேத்து இல்ல டோனலு, நாலஞ்சு வருஷமா எறங்குது." அவர் டெக்லனைப் பார்த்துவிட்டு, அப்பாவிடம் சொன்னார். "அந்த மெஷின் காத்துல இருக்குற ஈரத்த எடுக்கும். செவுத்துக்குள்ள ஓடுற மழைய எடுக்குமா? நீ இருபது மெஷின் வெச்சிருந்தாலும், மணிக்கு ஒரு தடவ கழுவியிருந்தாலும், இதேதான். எந்தப் பூச்சு வேலைக்காரன கூப்ட்டாலும் இதத்தான் சொல்லுவான். ஏணி போட்டு ஏறிப் பாத்த எவனும் சொல்லுவான்."

"இத்தன நாளா யாரும் ஏறல," என்றார் அப்பா.

"இல்ல. யாரும் ஏறல."

அப்பா தொட்டியைச் சாக்கடைக் கம்பி மேல் சாய்த்து, கடைசிச் சொட்டு வரை ஊற்றினார். காலித் தொட்டியைச் சன்னல் திண்டில் வைத்தார். மழையில் வீட்டைச் சுற்றி மேற்குப் பக்கம் நடந்தார். ஃபிடெல்மாவும் ஜார்லத்தும் பின்னால் போனார்கள். அண்ணாந்து பார்த்தார். உடைந்த இணைப்புக்குக் கீழே சுவரில் கரும்பச்சையாக ஒரு நீண்ட நாக்கு. என்ஜினில் கசிவு தேடுகிறவர் மாதிரி விரல் நுனியால் தடவிக்கொண்டே வந்து, அம்மாவின் கட்டில் இருந்த இடத்துக்கு நேரே நிறுத்தி, முழுக் கையையும் வைத்தார். நெடுநேரம் எடுக்கவில்லை. கோட்டின் கைப்பகுதி முழங்கை வரை நனைந்தது.

"வெளியிலேருந்து," என்றார்.

அவ்வளவுதான். அவர்கள் திரும்பி வந்தபோது டெக்லனின் கார் போயிருந்தது. ஃபிடெல்மா அதன் பின்னால் ஓடிப் போகாமல் இருக்க, கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. ஓடிப்போய் என்ன கேட்பது? அந்த வாக்கியம் கிடைத்துவிட்டது, சொல்லியிருக்க வேண்டியவன் வாயிலிருந்து மட்டும் வரவில்லை.

மறுநாள் காலை பத்தரைக்கு மூடி போட்டார்கள். சவப்பெட்டிக் கடைக்காரர் கூடத்தில் நின்று, சத்தமில்லாமல் ஆட்களை அமர்த்தினார். முன்னால் அப்பாவின் அண்ணன் மகன்கள் இருவர், நடுவில் டிப்போ நண்பர் ஒருவரும் ஜார்லத்தும், பின்னால் வலப்பக்கம் கான்செப்டாவின் புருஷன். "பின்னாடி இடப்பக்கம் ஒருத்தர் வேணும்," என்றார்.

டெக்லன் ஹெவர்ன் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தான். அவன் வந்ததை ஃபிடெல்மா கவனித்திருக்கவில்லை. வார்டில் எந்தப் பெட்டி வெளியேறினாலும் ஒரு முனை அவன் தோளில்தான் இருக்கும்.

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பாவின் கை நீண்டது. டெக்லனின் நெஞ்சைத் தொடாமல், ஒரு விரல்கடை தூரத்தில், உள்ளங்கையை விரித்து நின்றது.

"நீங்க வேண்டாம்."

எங்கள் ஊரில் துக்க வீட்டில் நீட்டின தோளை வேண்டாமென்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. பகையாளியின் தோளைக்கூட ஏற்றுக்கொள்வார்கள்.

"டோனல், நோரீன் மேல எனக்கு எவ்ளோ மரியாதைன்னு…"

"வேண்டாம்னு சொன்னேன் கவுன்சிலர்."

டெக்லன் பொத்தான்களைப் போட்டுக்கொண்டான். மேலிருந்து கீழே, ஒவ்வொன்றாக. விலகி வழிவிட்டான்.

அப்பா அந்த இடத்தில் போய் நின்றார். கடைக்காரர் அருகே குனிந்து, "உயரம் சரியா வராது டோனல். மத்தவங்க எல்லாம் உங்கள விட ஒரு தலை ஒசரம். பெட்டி ஒரு பக்கமா சாயும்," என்றார்.

"சாயட்டும்."

தூக்கினார்கள். பெட்டி அப்பாவின் மூலைக்குச் சாய்ந்தது. உள்ளே ஏதோ மெதுவாக நகர்ந்த சத்தம் கேட்டது. அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. ஜார்லத் தன் முழங்கால்களைக் கொஞ்சம் மடக்கினார். அவரைப் பார்த்து டிப்போக்காரர். பிறகு அண்ணன் மகன்கள், கடைசியாகக் கான்செப்டாவின் புருஷன். பெட்டி மெல்ல மெல்லக் கீழிறங்கி மட்டமானது.

அப்படியே நடந்தார்கள். ஃபிடெல்மா பின்னால் போனாள். வாசலிலிருந்து கேட் வரை, கேட்டிலிருந்து தேவாலயம் வரை, ஐந்து உயரமான மனிதர்கள் மடங்கிய முழங்கால்களோடு, சின்னச் சின்ன அடிகளாக வைத்து, மழையில் நடந்துகொண்டிருந்தார்கள்.